சீல் வைக்க அறுபத்தாறு மணி நேரம் பொறுக்க வேண்டி

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
எட்டாம் எண் வீடு, பின்தெரு.

பெறுநர்:
தீப் பாதுகாப்பு ஆய்வு அலுவலர்.

பொருள்: ஒன்பதாம் எண் கட்டடத்து ஆய்வுக்கூடத்துக்கு இன்று மாலை நான்கு மணிக்குச் சீல் வைக்கும் உத்தரவை, புகார் கொடுத்த நானே நிறுத்திவைக்கக் கோருவது.

மதிப்புமிகு அம்மையீர்,

1. இந்த உத்தரவு சென்ற வாரம் நான் கொடுத்த புகாரால் வந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஹைட்ரஜன் தயாரிக்கிறார்கள், நாற்றம் தாங்கவில்லை, எந்த நேரமும் வெடிக்கும் என்று எழுதியிருந்தேன். ஹைட்ரஜனுக்கு மணமே கிடையாது. முப்பத்தொரு வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். நேற்றுக் காலை புகாரின் நகலைப் படித்த என் மனைவி, "ஏங்க, வாசனையே இல்லாத வாயுவுக்கா மூக்கைப் பொத்திக்கிட்டு மனு எழுதினீங்க?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. தேடிப் பார்த்ததில், நாற்றம் எங்கள் கழிவுநீர்த் தொட்டி மூடியின் விரிசலிலிருந்து வந்திருக்கிறது. சிமென்ட் பூசியதும் நின்றுவிட்டது.

2. உடனே அந்தக் கூடத்துக்குப் போனேன். அதை நடத்தும் பெண்மணி முலாம் பூசும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். "வாங்க சார், மனு எழுதுறதுக்கு முன்னாடி வந்திருந்தா டீயாவது குடுத்திருப்பேன்" என்றார். ஒரு கண்ணாடிக் கலம், அதில் தபால்தலை அளவு உலோக வலை, அதன் மேல் நிக்கலும் இரும்பும் கலந்த பூச்சு. மேட்டில் மிதிக்கும் சைக்கிள்காரருக்கு மேட்டையே சற்றுத் தாழ்த்திக் கொடுத்தால் எப்படி இருக்கும்? நீரைப் பிரிக்கும் மின்சாரத்துக்கு அந்தப் பூச்சு அதைத்தான் செய்கிறது. இதே வேலைக்குப் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களைப் பயன்படுத்துவார்கள். மணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான ஹைட்ரஜன்தான் உண்டாகிறது. அதுவும் குழாய் வழியே கூரைக்கு மேல் போய்விடுகிறது.

3. பூச்சு ஆயிரம் மணி நேரம் இடைவிடாமல் தாங்க வேண்டும். அந்தப் பதிவைக் காட்டினால்தான் ஒரு நிறுவனம் வாங்கும், கெடு வெள்ளிக்கிழமை. இன்று காலை ஒன்பதுக்கு 934 மணி நேரம் முடிந்தது. சீல் வைக்கையில் மின்சாரம் துண்டிக்கப்படும். அப்போது கலத்துக்குள் மின்னோட்டம் சிறிது நேரம் பின்னோக்கிப் பாய்ந்து பூச்சை அரித்துவிடும். மின்தடையால் இரண்டு வலைகள் ஏற்கனவே இப்படிப் போயின. இது மூன்றாவது, வேறு இல்லை. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4. அங்கே குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கசிவை உணர்த்தும் கருவி ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று பொருத்தச் சொல்லுங்கள். பொறியாளரை அனுப்பிச் சோதியுங்கள். வியாழன் விடியும் வரை மின்சாரத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

5. தவறான புகார் கொடுத்ததற்கு என் மேல் நடவடிக்கை எடுங்கள். எங்கே சொன்னாலும் கையெழுத்திடுகிறேன். நான்கு மணிக்குள் தாங்கள் ஒரு வரி எழுதித் தந்தால், அதை நானே கொண்டுபோய் அந்தப் பெண்மணி கையில் கொடுப்பேன். கிடைக்கும் வரை வராந்தா பெஞ்சில் இருப்பேன்.

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: 14, திங்கள், காலை 9.40

இப்படிக்கு,
(கையொப்பம்)
முதல் புகாரைக் கொடுத்தவன்