பட்டாணி அளவுக் குமிழி

கார்வர் நகர்,
27 அக்டோபர் 1991

அன்பு மகள் லோர்னாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா தயங்குகிறது, ஆனாலும் படுக்கையில் விழும்படி ஒன்றும் இல்லை. அங்கே ஓரிகனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அம்மாவின் முழங்கால் வலி மழைக்கு முந்தி வந்து மழைக்குப் பிந்திப் போகிறது. இந்த வருஷமும் அறுபது ஜாடி பீன்ஸ் வேகவைத்து மூடி அடுக்கியிருக்கிறாள், தின்பதற்கு இரண்டே வாய் என்று சொன்னால் கோபம் வருகிறது. புதுப் பாதிரியார் பிரசங்கத்தை ஆரம்பித்தால் வீட்டில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த கோழி கரிந்துபோகும், அவ்வளவு நீளம். போன ஞாயிறு நான் தூங்கிவிட்டேனாம், அம்மா இடித்த இடம் இன்னும் வலிக்கிறது.

ஹிக்கரி ஓடை வழக்கு என்ன ஆச்சு என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் நடக்கிறது நடக்கிறது என்று மழுப்பினேன். அது முடிந்து மூன்று வாரம் ஆகிறது. தோற்றுவிட்டோம். தோற்றதற்குக் காரணம் உன் அப்பா. இதை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. எழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போவதைப் பார்த்தே நீ கண்டுபிடித்திருப்பாய், வலது கை ஒன்றரை வருஷமாக நடுங்குகிறது. அம்மாவுக்குப் போன மாதம்தான் தெரியும். ஆபீஸில் யாருக்கும் நான் சொல்லவில்லை, அங்கேதான் வினை.

இருபது வருஷமாக மாநிலச் சுற்றுச்சூழல் துறையில் இருக்கிறேன், ஊரார் நாங்கள் ஏதோ கம்பெனிக் கதவை இழுத்துப் பூட்டுகிற அதிகாரிகள் என்று நினைக்கிறார்கள். கம்பெனி தன் கழிவைத் தானே அளந்து மாதாமாதம் தானே எழுதித் தரும், அதை வாங்கிக் கோப்பில் வைப்பதுதான் பாதி வேலை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. மீதிப் பாதி, யாராவது புகார் கொடுத்தால் போய்த் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது. ஓடைப் பக்கத்து இரும்புச் சாமான் கம்பெனி பிசுக்குக் கழுவுகிற திரவத்தைப் பின்பக்கக் குழியில் ஊற்றி வந்தது ஊருக்கே தெரியும். ஆனால் ஊருக்குத் தெரிந்தது சட்டத்துக்குத் தெரியாது, அதற்குக் குப்பியில் அடைத்த தண்ணீர் வேண்டும். ஓர்ஃபா அத்தை புகார் கொடுத்தாள், ஓடைக்கரையில் ஒன்பது வீட்டுக் கிணற்றிலும் நான் தண்ணீர் பிடித்தேன். அவள் வீட்டுத் தண்ணீரில் அந்தத் திரவத்தின் அளவு நாற்பத்தொன்று என்று வந்தது, சட்டம் அனுமதிக்கிற எல்லை ஐந்து. வழக்கு முடியும்வரை கம்பெனிதான் ஒன்பது வீட்டுக்கும் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கினோம். வாசலுக்கு வாசல் வெள்ளை டேங்க் வந்தது, என்னை ராஜா மாதிரி பார்த்தார்கள்.

இந்தத் தண்ணீரைப் பிடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. விரல் நீளக் குப்பி, விளிம்பு தாண்டித் தண்ணீர் திரண்டு நிற்கும்போது மூடியைத் திருக வேண்டும், பிறகு தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி ஒன்றும் ஓடக் கூடாது, ஓடினால் அந்தத் திரவம் ஆவியாகித் தண்ணீரிலிருந்து கிளம்பிக் குமிழிக்குள் போய்விடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஓர்ஃபா வீடு அன்றைக்கு ஒன்பதாவது வீடு, கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூன்று குப்பியிலும் குமிழி. கொட்டிவிட்டுத் திரும்பப் பிடிக்கவும் முடியாது, தண்ணீர் கெடாமல் இருக்க உள்ளே முன்பே அமிலம் விட்டிருக்கும், கொட்டினால் அதுவும் போய்விடும். வேறு குப்பி வேண்டுமென்றால் ஆபீஸுக்குப் போக இரண்டு மணி நேரம், எதற்கு என்று கேட்டால் கையைக் காட்ட வேண்டும். படிவத்தில் "குமிழி இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

விசாரணையில் கம்பெனி வக்கீல், உன் வயசுதான் இருக்கும், என் படிவத்தையும் ஆய்வுக்கூடத்தில் குப்பியை வாங்கிவைத்தவர்கள் எழுதிய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். நீங்க குமிழி இல்லைங்கறீங்க, அவங்க பட்டாணி அளவுக் குமிழின்னு எழுதியிருக்காங்க, ரெண்டுல எது பொய் சார் என்று கேட்டான். அந்தப் பதிவேட்டை எங்கள் துறையில் ஒருத்தரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தவன், என்னுடையதுதான் பொய், குமிழியப் பார்த்துட்டுதான் டிக் போட்டேன் என்றேன். மற்ற எட்டு வீட்டுப் படிவமும் இதே கைதானே போட்டது என்றான். அவ்வளவுதான். வழக்கைக் கேட்ட வாரியம் ஒன்பது வீட்டு முடிவையும் தள்ளுபடி செய்துவிட்டது. லோர்னா, குமிழி இருந்தால் விஷம் குறைத்துத்தான் காட்டும், ஒருநாளும் கூட்டிக் காட்டாது. நாற்பத்தொன்று என்றால் உண்மையில் அதற்கும் மேலே. அதை எழுந்து சொன்னேன், சாட்சி கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும் என்று உட்கார வைத்தார்கள். வெளியே வந்ததும் மேலதிகாரி கேலன், ஒரு டிக்குல பதினாலு மாச வேலையக் கவுத்துட்டியேய்யா, கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து பிடிச்சிருப்பேனே என்றான். இனி புதிதாக ஒரு வருஷம், காலாண்டுக்கு ஒரு முறை தண்ணீர் பிடித்தால்தான் மறுபடி வழக்கு.

மறுநாளே லாரி வந்து ஒன்பது டேங்கையும் தூக்கிப்போய்விட்டது. வீட்டுக்காரர்களுக்குத் துறையிலிருந்து கடிதம் போக வேண்டும், அதை எழுதுகிற வேலையை என்னிடமே கொடுத்தார்கள். ஓர்ஃபாவுக்கு மட்டும் தபாலில் அனுப்ப மனம் ஒப்பவில்லை, நேரில் கொண்டுபோனேன். கண்ணாடி கிடைக்கல, நீயே படி என்றாள். தங்கள் கிணறு குறித்துச் செல்லத்தக்க ஆய்வு முடிவு எதுவும் இத்துறையிடம் இல்லை என்று நான் எழுதியதை நானே படித்தேன். நல்ல தண்ணியா கெட்ட தண்ணியா, அதச் சொல்லு வெண்டல் என்றாள். கெட்டதுதான், குடிக்காதே என்றேன். அப்ப அத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு என்றாள். அதே கடிதத்தின் அடியில் எழுதினேன், பெயரும் பதவியும் போட்டேன், வேலை போனால் போகட்டும் என்றுதான். அவள் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். கோழி கெளறின மாதிரி இருக்கு, எவன்கிட்ட காட்டினாலும் கெழவன் குடிச்சுட்டு எழுதினான்னுதான் சொல்வான் என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் மருமகள் ட்ரீவாவுக்கு இது ஏழாம் மாதம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் குழாயைத் திறந்து காப்பிக்குத் தண்ணீர் பிடித்தாள். தடுக்க எழுந்தேன். அக்கம்பக்கத்துல எங்கே போய்ப் பிடிப்பா, சொல்லு என்று ஓர்ஃபா கேட்டாள், உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை தோறும் வண்டியில் கேன் போட்டு எடுத்துப்போகிறேன், ஒன்பது வீட்டுக்கு அது எந்த மூலைக்கு.

இப்போது கம்பெனி தன் கழிவு உரிமத்தைப் புதுப்பிக்கக் கேட்டிருக்கிறது. ஊர் உலகத்தில் யார் வேண்டுமானாலும் முப்பது நாளுக்குள் துறைக்கு எழுதலாம், வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் துறை எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். துறையில் வேலை செய்கிறவன் எழுதக் கூடாது. நீ எழுது. நவம்பர் 19 மாலை ஐந்து மணிக்குள் கையில் கிடைக்க வேண்டும், தபால் முத்திரைத் தேதியெல்லாம் செல்லாது, மறந்துவிடாதே. நான் என்னத்தை எழுதுவது என்று கேட்பாய். அந்தக் கம்பெனி வந்தபோது உனக்கு நாலு வயது. நானும் அம்மாவும் வேலைக்குப் போனதால் பன்னிரண்டு வயதுவரை கோடை முழுக்க நீ ஓர்ஃபா வீட்டில்தான் இருந்தாய், முற்றத்துக் குழாயில் வாய் வைத்துத்தான் குடிப்பாய், டம்ளர் கொடுத்தாலும் வாங்க மாட்டாய். அதை எழுது. எழுதுவதற்கு முன் டாக்டரிடம் போய் இதைச் சொல்லி ரத்தமும் ஈரலும் பார்த்துவிடு, தள்ளிப்போடாதே. எட்டுக் கோடை நீ அந்தத் தண்ணீரைக் குடித்த இந்தக் கணக்கை மூன்று வாரமாக நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

குளிர் வருகிறது, கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. கர்த்தர் உன்னைக் காப்பாராக என்று முடிக்க வேண்டும், அப்படியே எழுதுகிறேன், ஆனால் கண்ணு, உன்னைக் காக்கிற வேலைக்குச் சம்பளம் வாங்கினவன் நான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வெண்டல் ராட்லிஃப்