கழற்றிய பிரேக்

நேற்று மாலை கூடத்தில் சோபாவில் நீங்கள், சைக்கிளுக்கு அருகே தரையில் உங்கள் தம்பி, சமையலறை வாசலில் முக்காலி போட்டு நான். என் நல்ல போர்வையின் மேல் பெட்ரோல் எஞ்சின், புது மாப்பிள்ளை மாதிரி.

சைக்கிளில் பொருத்த எந்த எஞ்சின் வாங்குவதென்று மாதக்கணக்கில் ஆராய்ந்தீர்கள். சைக்கிளில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் அளக்கவில்லை. முன்சக்கரம் நீட்டிக்கொண்டு, கைப்பிடி வானத்தைப் பார்க்கிற அந்த அழகுக்குள் எஞ்சின் முக்கி முனகித்தான் உட்கார்ந்தது. பிறகு எஞ்சின் செயினுக்கான பல்சக்கரத்தைப் பின்னால் மாட்டப் பிரேக் இடித்தது.

"பிரேக்கைக் கழட்டிடலாம்ணே. காலு இருக்குல்ல?"

"அதுவும் சரிதான்டா."

ஆகா, என்ன மூளை! இருந்ததே அந்த ஒரு பிரேக். நம் தெருச் சரிவு முடிகிற இடத்தில் லாரி ஓடுகிறது. அங்கே செருப்பைத் தேய்த்து நிறுத்துவீர்களாக்கும்.

கேட்டதற்கு, "மிஷினைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றீர்கள். நான் ஓட்டுவது தையல் மிஷின்தான். அது நிறுத்தினால் நிற்கும்.

நான் தையல் வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. வீட்டுச் சாவியை இந்தக் கடிதத்தோடு பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். மாலையில் சைக்கிள் கடைக்காரர் முன்சக்கரத்துக்குப் பிரேக் மாட்ட வருவார். யோசனை சொல்லாமல் தள்ளி நில்லுங்கள். வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது.

பி.கு: ஸ்பார்க் பிளக்கைத் தேட வேண்டாம், நான்தான் கழற்றினேன். வேறு வாங்கக் கிளம்புமுன் ஒரு வார்த்தை. நடந்ததையெல்லாம் எழுதி, பிளக்கையும் சேர்த்து, நீங்கள் பயப்படுகிற ஒரே ஆளான உங்கள் அக்காவுக்கு அனுப்புகிறேன். கவரை ஒட்டியாயிற்று. போகிற வழியில்தான் தபால்பெட்டி.