ஏழு மணி வரை திறந்திருக்கும்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னாயே, இங்கே வேலை கிடைத்தாலும் ஆபீஸ் விட ஆறு மணி ஆகும், நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்தை நாலு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள், பிள்ளையை யாரிடம் விடுவது என்று, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் ஓட இந்தக் காலால் ஆகுமா. நேராக நகராட்சிக் கூட்டத்துக்கே போய்விட்டேன். பொதுமக்கள் பேசலாம் என்றதும் எழுந்தேன் பார், மண்டபமே கப்சிப், மின்விசிறிகூட நின்றுவிட்டது. கரண்ட் போயிருந்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள், அது பொறாமை. ஒரு கவுன்சிலர், பெரியவரே, உங்க வீட்டுல குழந்தையே இல்லையே, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு என்றான். வர வேண்டிய பிள்ளைய உங்க நாலு மணிப் பூட்டுதான்யா வெளியூர்லயே நிறுத்தி வச்சிருக்கு என்றேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழு மணி வரை திறக்கத் தீர்மானம் ஆகிவிட்டது. நர்ஸ் பெண்களும் பஸ் டிரைவர்களும்கூட ஏதோ ரெண்டு வார்த்தை பேசினார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் இது சோதனைக்குத்தானாம். சாயங்காலம் பிள்ளைகள் தங்காவிட்டால் பழையபடி பூட்டிவிடுவார்களாம். இப்போதைக்குத் தங்குவது ஒரு பஸ் டிரைவரின் மகள் மட்டும்தான். தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்கச் சகிக்காமல் நான் தினமும் போய்விடுகிறேன், மேற்பார்வை என்று வைத்துக்கொள். அவள் கட்டைகளை அடுக்குவாள், நான் கோபுரம் அபாரம் என்பேன், உடனே தட்டிவிடுவாள். சித்தி போன பிறகு அந்த நேரத்தில் நம் வீட்டில் ஒரு தட்டு விழுகிற சத்தம்கூட இல்லை. நேற்று காப்பகத்து ஆயாம்மா, நீங்க யாரைக் கூட்டிட்டுப் போக வர்றீங்க என்று கேட்டாள். பேத்தியை என்றேன். எங்கே அவ என்றாள். வந்துக்கிட்டிருக்கா என்றேன்.

வேலையைப் போட்டுவிட்டு ஓடிவா என்று சொல்லமாட்டேன், நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள். சின்னவளுக்குக் குளிரில் காதை மூடிவிடு, நீ வேளைக்குச் சாப்பிடு. நல்லா இருங்கள், ஆயுசோடு இருங்கள். சித்தப்பா ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவன், உனக்குத் தெரியாததா. ஆயாம்மாவிடம் சொன்ன அந்த ஒன்றை மட்டும் முடிந்தால் நிஜமாக்கிவிடு.

காப்பகத்து வாசலிலிருந்து,
உன் சித்தப்பா