சலாமி ரோஜா

மார்ச் 13, வியாழன். இரவு.

பங்களா வேலை இன்றோடு போய்விட்டது.

விருந்தாளிகளுக்கு இறைச்சியும் சீஸும் அடுக்கிய தட்டு வேண்டும் என்று மேடம் போனில் படம் காட்டினார். "இது அப்படியே சாப்பிடுறது, சமைக்கவே வேணாம் செல்வி, அழகா அடுக்கினாப் போதும்." சலாமி என்று மேடம் சொன்ன மெல்லிய இறைச்சித் துண்டுகளைக் கிளாஸ் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் கவிழ்த்தால் ரோஜாப்பூ வரும். எனக்கு ஐந்து பூ வந்தது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல்தானே என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் எல்லாம் சிவந்து பச்சை இறைச்சியாகவே தெரிந்தது. வேகாத இறைச்சியை விருந்தாளிக்கு யாராவது கொடுப்பார்களா? மேடம் குளிக்கப் போன நேரத்தில் கறிவேப்பிலை போட்டு வதக்கிவிட்டேன். பூவெல்லாம் சுருண்டு கருகிவிட்டது.

மேடம் கத்தவில்லை. "நாளையிலிருந்து வர வேணாம்" என்று மட்டும் சொன்னார். பங்களாவுக்காகக் கொழுந்து வேலையை விட்ட அன்றே, இனித் திரும்பி வந்தால் பேர் பதியமாட்டேன் என்று தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கண்டாக்கையா சொல்லியிருந்தார்.

வதக்கியதைப் பொட்டலம் கட்டி லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் சோற்றில் பிசைந்து, ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கு புள்ள. நாளைக்கும் கொஞ்சம் கொண்டா" என்றார்.

சரி என்றேன்.