அப்பா கையெழுத்துப் போட்ட மனு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், உனக்கு அந்தச் சளி விட்டுதான்னு முதல்ல எழுது.

கவுன்சிலர் ஆகி என்னம்மா பண்றேன்னு கேட்டிருந்தே, எனக்கே அதைத் தெரிஞ்சுக்க ஆசையாத்தான் இருக்கு. பாஷை தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்து, மேஸ்திரி கை காட்டின பக்கமெல்லாம் சாந்துச் சட்டி சுமந்தவ நான். நம்ம தெருவுல பத்து நாளா தண்ணி வராம, இன்ஜினியர் வரைபடத்தை விரிச்சு மூணு இடத்துல தோண்டியும் குழாய் அகப்படல. டைலர் கடை வாசலுக்கு நேரா வெட்டுங்க, பாறை குறுக்க வந்ததால அங்கதான் வளைச்சுப் போட்டோம், அந்தப் பள்ளம் வெட்டினதுல நானும் ஒருத்தின்னு சொன்னேன். வெட்டினா குழாய் உடைஞ்சு கிடந்துச்சு. அன்னிக்கு என்னை விடாம பிடிச்சுக்கிட்ட அந்தக் கடை டைலர்தான் என்னைத் தேர்தல்ல நிக்கவச்சு வீடு வீடா நடந்தார். நீ போன்ல கேட்ட கதைதான், ஆனா திரும்பச் சொல்றதுல எனக்கு அலுப்பில்ல.

முதல் கவுன்சில் கூட்டத்துலயே வினை வந்துச்சு. மார்க்கெட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில, கட்டட வேலைக்குன்னு புதுசா வேற தேசத்துலேர்ந்து வந்த முப்பது குடும்பம் இருக்கு. நாத்தம் தாங்கல, அவங்களைக் காலி பண்ணணும்னு ஒரு மனு. எழுதினவர் டைலர், கையெழுத்து பூரா நம்ம தெரு. நம்ம தெருவே பிழைக்க வந்தவங்க தெருதானே, ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோன்னு ஆயிடுச்சேன்னு நினைச்சு, எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டே வந்தா, பதினேழாவது கையெழுத்து உங்கப்பாவோடது. வீட்டுக்கு வந்து கேட்டேன். எல்லாரும் போட்டாங்க போட்டேன், குறைஞ்ச கூலிக்கு வந்து நம்ம பிழைப்பைக் கெடுக்கிறாங்கன்னார். அன்னிக்கு நம்மளையும் இதேதானே சொன்னாங்கன்னேன். சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டார்.

அங்க அப்படி என்னதான் இருக்குன்னு மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். சிமெண்டு தின்ன விரலோட ஒருத்தி வந்தா, அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. கையாலேயே காட்டினா, ஒருத்தி போர்வையைப் பிடிச்சுக்க இன்னொருத்தி குளிக்கணுமாம். அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு பின்னாலயே நடந்தேன். ஊர்ச் சாக்கடை கொட்டகைக்குப் பன்னெண்டு அடி முன்னாலயே நின்னுபோச்சு, தண்ணி அங்கயே தேங்கிக் கிடக்கு, அதை இழுத்துவிட யாரும் மெனக்கெடல. நாத்தம் அங்கேர்ந்துதான்.

அடுத்த கூட்டத்துல மைக் பொத்தானை அமுக்கினதும் சிவப்பு விளக்கு எரிஞ்சுது, எனக்கு நாக்கு புரளல, ரெண்டு பேர் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு விட்டுட்டுச் சொன்னேன், ஏழு வருஷம் அதே மாதிரிக் கொட்டகையில இருந்தவ நான், காலி பண்றதுன்னா என்னையும் சேர்த்துப் பண்ணுங்க, இல்லேன்னா சாக்கடையை முடிச்சு ரெண்டு குளியலறை கட்டிட்டு அப்புறமும் நாத்தம் இருக்கான்னு மோந்து பாருங்கன்னு. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல அந்த மனுவை ஆறு மாசம் தள்ளிவச்சிருக்காங்க. டைலர் என் முகத்துலயே முழிக்கிறதில்ல, தைக்கக் கொடுத்த துணியும் அங்கயே மாட்டிக்கிச்சு. அடுத்த தடவை இந்தத் தெரு எனக்கு ஓட்டுப் போடாதுன்னு தோணுது. அப்பா நாலு நாள் பேசல. நேத்து சாப்பிடும்போது, அந்தச் சாக்கடைக்குத் தண்ணி ஓடுற வாட்டம் எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டார். தெரியல, நீங்கதான் வந்து பார்க்கணும்னேன்.

உன்னை ஒண்ணு கேட்கணும். நீ பிழைக்கப் போன ஊர்ல, நீ இருக்கிற தெருவுல, உன்னை மாதிரி வந்தவங்களைப் பத்தி யாராவது மனு எழுதியிருக்காங்களா? அது யார் கைக்குப் போச்சு, அவங்க உங்களை வந்து பார்த்தாங்களா? மறைக்காம எழுது.

எங்க இருந்தாலும் தலை நிமிர்ந்து நூறு வருஷம் நல்லா இரு. பக்கத்து வீட்டுக்காரங்க பேரைக் கேட்டு வச்சுக்கோ, மறந்துடாதே.

இப்படிக்கு, எட்டாவது வார்டு கவுன்சிலர்னு போட்டுப் பார்த்து அடிச்சுட்டேன்,
உன் அம்மா.