இந்தத் தையில் குளிர் இல்லையாம்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

போனில் நீங்கள் எப்போதும் மழையையும் குளிரையும் பற்றித்தான் பேசுவீர்கள். ஆடியில் லயத்து வீட்டுத் தகரக்கூரை ஒழுகுகிறது என்பீர்கள். மார்கழியில் தனியாகப் படுக்க முடியவில்லை என்பீர்கள். அதைக் கேட்டுத்தான், இந்த அரபு நாட்டில் நான் வேலை செய்யும் வீட்டு மேடம், ரோலா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனபோது உங்களுக்கு ஒரு கம்பளி வாங்கினேன்.

போன வெள்ளிக்கிழமை, "இந்தத் தையில குளிரே தெரியல புள்ள" என்றீர்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் சுகந்தா, லீவில் நம் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் நேற்றுத்தான் திரும்பினாள். "பனி கொட்டி கொழுந்தெல்லாம் கருகிருச்சி அக்கா. இப்பிடி ஒரு குளிர நான் கண்டதில்ல" என்றாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு மாசமா அத்தை வீட்டுலதான் படுக்கிறாங்க" என்றவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளிடம் அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கப்போவதில்லை. நுவரெலியாவில் பிறந்தவளுக்குத் தைப்பனி தெரியாதா? அதில் தனியாகப் படுத்த எவரும் குளிரவில்லை என்று சொன்னதில்லை.

பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் அனுப்புகிறேன், உங்கள் தங்கச்சி வீட்டுக்கே. உங்கள் கம்பளியை அனுப்பவில்லை. அது ஒருவர் போர்த்திக்கொள்ளும் அளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா