கிராதியைத் திரும்பக் கட்டியவனுக்கு

பக்கத்து வீட்டு, தமிழ் மறந்துபோன செட்டிப் பெண்மணி இன்று காலை உளுத்துப்போன அலமாரி ஒன்றைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். பாதி எரியும்போதே மழை. நனைந்த கரியின் வாசனை சன்னல் வழியாக வந்து அறையில் தங்கிவிட்டது. புகை உள்ளே வருகிறதா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். சன்னலைச் சாத்தவில்லை.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இதே வாசனையில்தான் அந்த விடுமுறை முழுவதும் நாம் வேலை செய்தோம். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம். நான் சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். கடற்படை எப்போதோ கைவிட்டுப்போன கப்பல் பட்டறைக்குள் நம் மாதா கோயில். மின்னல் விழுந்து எரிந்திருந்தது. ஒரு கப்பலும் வராத அந்த இடத்தை ஊரில் இன்னமும் டாக்கு என்றே சொன்னார்கள். நம் ஊர் காஜா பேராங்கிலிருந்து இரண்டு சைக்கிளில் போவோம். நீ தச்சன். மராமத்து உன் பொறுப்பு. நான் கரி அள்ளுகிறவன்.

"சிங்கப்பூர்ல படிக்கிற தொரை கரி அள்ளுறதப் பாருங்கடா," என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவாய். "டேய், இங்கிலீசுல அள்ளுடா!"

கோயிலின் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு மரக்கிராதி இருந்தது. டாக்கு நடந்த காலத்தில் அதற்கு முன்னால் வெள்ளைக்கார அதிகாரிகள், அவர்களுக்குப் பின் கணக்கெழுதும் கிராணிகள். கிராதிக்கு இந்தப் பக்கம் நம் தாத்தாக்கள், கப்பலுக்குக் கீல் பூசியவர்கள். அதிகாரிகள் போனார்கள். கிராணி குடும்பங்கள் முன்வரிசைக்கு நகர்ந்தன. கிராதி நகரவில்லை. அந்தப் பக்கம் பெஞ்சு, இந்தப் பக்கம் பாய். சாதி என்ற சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். வழக்கம் என்பார்கள்.

பாயிலிருந்து பார்த்தால் பீடம் தெரியாது. தூண் மறைக்கும். மணிச் சத்தம் கேட்டால் என் அம்மா தலை குனிவாள். மறுபடி கேட்டால் நிமிர்வாள். பூசை என்பது அவளுக்குக் காதால் கேட்கிற காரியம்.

கிராதி முழுதும் எரிந்துபோயிருந்தது. சாம்பலைக் காலால் தள்ளியபடி நீ சிரித்தாய்.

"அவங்க பெஞ்சும் கரி, நம்ம பாயும் கரி. நெருப்புக்கு வழக்கம் தெரியலடா."

"திரும்பக் கட்டச் சொல்லுவாங்க."

"யாரு கட்டுறது? நான்தானே தச்சன்? என் கையால கட்டமாட்டேன். மாதா மேல சத்தியம்."

நான் கேட்காமலே நீ செய்த சத்தியம்.

பிறகு, கூரை இல்லாத கோயிலில் அந்த ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சு இல்லை, பாய் இல்லை. எல்லாரும் நின்றோம். என் அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனவன் நீதான். "வாங்க அத்தை, இங்க நில்லுங்க. யாரு கேக்குறான்னு பாப்போம்." யாரும் கேட்கவில்லை. டாக்கின் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர், பெரிய கிராணியார், ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியில், ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடை நிழலில் நின்றபோது அம்மா சொன்னாள்:

"அப்பத்தத் தூக்கிக் காட்டுறப்ப சாமியாருக்குக் கை நடுங்குதுடா. இத்தனை வருசம் எனக்குத் தெரியாதே."

எனக்கு வேண்டியிருந்தது அந்த ஓர் இடம். அம்மா நிற்க. சமத்துவம் பற்றி விடுதி அறையில் நாங்கள் விடிய விடியப் பேசியதெல்லாம் அதன் பக்கத்தில் வெறும் இரைச்சல்.

சிங்கப்பூர் பஸ் கிளம்பும்போது நீ சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "கோயில் கூட்டத்துல கிராதி பத்தி நான் பேசுறேன். நீ போய்ப் படி."

கிறிஸ்துமஸுக்கு வந்தேன். புதுக் கூரை. வெள்ளையடித்த சுவர். நடுவில் கிராதி, புதுத் தேக்கில். அதற்கு இந்தப் பக்கம் பாயில் அம்மா. அந்தப் பக்கம், சுவரோரப் பெஞ்சில், கஞ்சி போட்ட சட்டையில் நீ.

பூசை முடியும்வரை நீ திரும்பவே இல்லை.

வெளியே, பட்டறைச் சுவரோரம், உன்னை மறித்தேன்.

"கூட்டத்துல என்னடா பேசின?"

"பேசத்தான்டா எழுந்தேன். பின்னால இருக்கிறவங்களுக்கு என்ன விருப்பம்னு சாமியார் கேட்டாரு. முன்னால இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

"பாத்தா?"

"பழையபடியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"யாரு சொல்லச் சொன்னது? கிராணியாரா?"

"யாரும் சொல்லல லா. நானாதான் சொன்னேன்."

"அந்தப் பெஞ்சு?"

சட்டைப் பொத்தானைத் திருகினாய். "கோயிலக் கட்டினவன் பாயில உக்காந்தா நல்லா இருக்காதுன்னு கூப்பிட்டாங்க. மாட்டேன்னு சொன்னா சூசாடா, தொல்லை. நீ போயிடுவ. நான் இங்கதானே பொழைக்கணும்?"

நான் போகவில்லை. பட்டம் வாங்கிவிட்டு இதே காஜா பேராங்குக்குத்தான் திரும்பினேன். பள்ளிக்கூட வேலை. உன் வீட்டைத் தாண்டித்தான் தினமும் போனேன். நீ இழைப்புளியை நிறுத்திவிட்டுப் பார்ப்பாய். நான் சைக்கிளை நிறுத்தியதில்லை.

அம்மாவுக்கு உன்மேல் கோபமே இல்லை. "விடுடா, ஒருத்தனாவது தாண்டிட்டானே," என்றாள். அவளை அப்படிச் சொல்லவைத்தாயே என்று எனக்கு இன்னும் கொதித்தது.

பிறகு, செங் ஊர்ப் பக்கம் மரம் ஏற்றிவந்த லாரி கவிழ்ந்தது. உள்ளே நீ.

நம் ஆட்களின் சவப்பெட்டி கிராதியோடு நின்றுவிடும். சாமியார் அங்கே வந்து தீர்த்தம் தெளிப்பார். உனக்குத் தெரியாததா. உன் பெட்டிக்கு மட்டும் கிராதிக் கதவைத் திறந்தார்கள். பெரிய கிராணியாரே திறந்தார். தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். கதவருகே அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து தோள் மாற்றிக்கொண்டார்கள். என் தோள் திடீரென்று லேசாகிவிட்டது. கதவு சாத்திக்கொண்டது.

உன் அம்மா இந்தப் பக்கமே நின்றாள். அவளை யாரும் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

"வாங்க அத்தை, நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"வேணாம்ப்பா. அங்க அவனுக்கு மரியாத கொறஞ்சிடும்."

பெட்டியின் மூடி திறந்திருந்தது. முன்பெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய் உன் முகத்தைப் பார்த்தார்கள். இங்கிருந்து தூண்தான் தெரிந்தது. அத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். இரண்டு கையாலும் கிராதியைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் மரத்தைத் தடவினாள்.

"எப்படி எழைச்சிருக்கான் பாரு, எம் புள்ள."

நானும் கை வைத்தேன். மேல்பக்கம். பிறகு அடிப்பக்கம், யார் கண்ணும் போகாத இடம். அங்கேயும் விரலை ஓட்டித் தேடினேன். ஒரு சிராய், துருத்திய ஓர் ஆணி, அவசரத்தில் விட்டுப்போன ஓர் ஓரம். ஏதாவது ஒன்று இருந்திருந்தால் நீ இதை மனமில்லாமல் செய்தாய் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். உன்னை மன்னித்திருப்பேன்.

ஒன்றும் இல்லை. அந்த வழவழப்பு இன்னும் விரலை விட்டுப் போகவில்லை.